முரண்பாட்டுத் தீர்வு முதுகலையை ஆன்லைனில் படித்தேன்: வேலைக்கு எவ்வளவு உதவியது?

கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலையில் பர்சனல் பிரிவில் இருக்கிறேன். சங்கத்தோடு பேசுவதுதான் என் வேலையில் பாதி. 2020-இல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முரண்பாட்டுத் தீர்வு முதுகலையில் ஆன்லைனில் சேர்ந்தேன். வேலையை விடாமல் படித்து 2022 கடைசியில் முடித்தேன். பட்டம் வாங்கிய சூட்டில் எழுத வேண்டாம் என்று இருந்தேன். அதன் பிறகு சில தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தைகளும் ஒரு ஊதிய ஒப்பந்தமும் கடந்துவிட்டன. அதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்துக்கு நூறு பக்கத்துக்குக் குறையாத வாசிப்பு, ஒரு எழுத்துப் பதிவு, சக மாணவர்களின் பதிவுகளுக்குப் பதில், பருவ இறுதியில் நீண்ட கட்டுரை. நேரடி வகுப்பு அவர்களுக்கு மாலை 7 மணி என்றால் நமக்கு விடிகாலை 4.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டால் 5.30. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த நேரம் ஒத்துவரும், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் கஷ்டம். சேருமுன் வீட்டாரோடு இதைப் பேசிவிடுங்கள்.

பாடத்தில் முதலில் என்னைப் பிடித்தது நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இல் எழுதிய ஒரு கட்டுரை. ஹார்வர்ட் நூலகத்தின் சின்ன அறையொன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். அவருக்குக் காற்று வேண்டும், இவருக்கு வாடைக்காற்று நேராக மேலே படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை என்றாலே சங்கம் 20 சதவீதம் கேட்கும், நிர்வாகம் 8.33-இல் தொடங்கும், நடுவில் எங்காவது வந்து நிற்கும். போனஸ் சட்டத்தின் உச்சமும் அடியும் அவைதான். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன தேவை இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தப் படிப்பில்தான் வந்தது.

ஆனால் என் வேலையை நிஜமாகவே மாற்றியது அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988-இல் எழுதிய இரண்டு மட்ட ஆட்டம் என்ற கருத்து. நாடுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதியது அது. மேஜையில் உட்காரும் தூதர் எதிரே இருப்பவரோடு மட்டும் பேசவில்லை, ஊருக்குத் திரும்பித் தன் ஆட்களிடமும் ஒப்புதல் வாங்கியாக வேண்டும் என்பது சாரம். படித்தவுடன் எனக்கு எங்கள் கேட் மீட்டிங்தான் கண்ணில் வந்தது. உள்ளே நிதானமாகப் பேசிய சங்கத் தலைவர் மாலையில் வாயிற்கூட்டத்தில் மைக் பிடித்து நிர்வாகத்தைக் கிழிப்பார். மறுநாள் எங்கள் மேலதிகாரிகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், பேச்சு ஒரு வாரம் பின்னால் போகும். அந்தப் பேச்சு உறுப்பினர்களுக்கானது என்று இப்போது என்னால் மேலே எடுத்துச் சொல்ல முடிகிறது. எங்களுக்கும் பின்னால் இயக்குநர் குழு இருக்கிறது, அதைச் சங்கத்திடம் சொல்வதிலும் தயக்கமில்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் இன்று வெளியில் எதைச் சொல்லலாம் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து நாலு வரி எழுதிக்கொள்கிறோம். அந்த நாலு வரி எத்தனையோ வீண் சண்டையைத் தடுத்திருக்கிறது. கட்டிய கட்டணத்துக்கு எனக்கு இது ஒன்றே போதும்.

பருவக் கட்டுரைக்கு 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை எடுத்தேன். ஆசிரியர் ஆர்வமாக ஒப்புக்கொண்டார். முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய அக்கா அனசூயா. தொழிலாளர் 50 சதவீத உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 என்றார்கள், காந்தி கணக்குப் பார்த்து 35 நியாயம் என்றார். கடைசியில் வந்த ஏற்பாட்டைப் பாருங்கள்: வேலைக்குத் திரும்பும் முதல் நாள் 35 சதவீதம், அதற்குக் குறைந்து திரும்பமாட்டோம் என்ற தொழிலாளரின் சபதம் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20, முதலாளிகளின் சொல்லும் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து நடுவரின் தீர்ப்பு வரும்வரை 27.5. நடுவர் ஆனந்த்சங்கர் துருவ் 35 என்றே தீர்ப்பளித்தார். இரு தரப்பின் மானத்தையும் காப்பாற்றிய இந்த மூன்று நாள் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்தப் போராட்டத்தில் தான் இருந்த உண்ணாவிரதம் முதலாளிகள் மீது நிர்ப்பந்தமாக விழுந்தது ஒரு பெரிய குறை என்று காந்தியே பிறகு எழுதினார். அந்த நேர்மையும் பாடம்தான்.

இப்போது குறைகள். சமரசர், அதாவது தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பையும் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவருபவர், என்றால் இரண்டு தரப்புக்கும் அந்நியர், நடுநிலையானவர் என்ற அச்சிலேயே பெரும்பாலான பாடங்கள் ஓடுகின்றன. நம் ஊரில் ஆட்கள் தேடிப்போவது தெரிந்த பெரியவரைத்தான். மத்திய அமெரிக்க அனுபவத்தை வைத்து ஜான் பால் லெடராக், பால் வேர் (Wehr) என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், நல்ல கட்டுரை. எங்கள் வகுப்பில் ஒரு வாரத்தோடு முடித்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் எந்தச் சாதி, பெண்கள் பேசும்போது காது கொடுப்பாரா, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த மேஜையில் நாற்காலி உண்டா என்ற கேள்விகளுக்கு நானாகத்தான் வழி தேட வேண்டியிருந்தது. அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969-இல் எழுதிய கட்டமைப்பு வன்முறை (யாரும் கை ஓங்காமலே சமூக அமைப்பே சிலருக்குச் செய்யும் கேடு) பற்றிய கட்டுரை அதற்குக் கைகொடுத்தது. அடிதடி இல்லாததாலேயே ஓரிடத்தில் அமைதி இருக்கிறது என்று ஆகிவிடாது என்ற அவர் வாதம், வேலைநிறுத்தமே இல்லாத தொழிற்சாலைகளை வேறு கண்ணால் பார்க்க வைத்தது.

அடுத்தது பயிற்சி. சமரசப் பேச்சை நடித்துப் பார்க்கும் வகுப்புகள் ஜூமில் நடந்தன. ஒரு தரப்பைத் தனியாக அழைத்துப் பேசுவதற்குப் பிரேக்அவுட் ரூம் என்ற ஜூமின் தனி அறை வசதி அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் மேஜைக்கு அடியில் ஆடும் கால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ஆள், தேநீர் இடைவேளையில் வராந்தாவில் நடக்கும் உண்மையான பேச்சு எதுவும் திரையில் கிடையாது. அதனால் படிப்பு முடிந்ததும் 40 மணி நேர சமரசர் பயிற்சியை நேரில் போய் எடுத்தேன். நீதிமன்ற சமரச மையங்களில் அமர அந்தப் பயிற்சிதான் கேட்கிறார்கள், முதுகலைப் பட்டம் அதற்கு ஈடாகாது. நாட்டிலேயே முதல் நீதிமன்ற சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது, ஆகவே நம்மிடம் அனுபவசாலிகளுக்குப் பஞ்சமில்லை. 2023-இல் வந்த சமரசச் சட்டம் ஆன்லைன் சமரசத்தையும் ஏற்கிறது. பேச்சுக்கு 120 நாள், தேவைப்பட்டால் இன்னும் 60 நாள். திரை வழியாகவே பேசிப் பழகிய எனக்கு அந்த வகையில் ஆன்லைன் படிப்பு ஒரு சாதகம்.

பணம்: அமெரிக்க முதுகலை என்றால் பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு), ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், டாலர் ஏறினால் நமக்கும் ஏறும். அரசு வேலையோ இங்கே பிஎச்.டி.யோ மனதில் இருந்தால் வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அவ்வளவு செலவு முடியாது என்றால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) காந்தியும் அமைதி ஆய்வுகளும் என்ற முதுகலை இருக்கிறது. அதையும் நேரடி சமரசர் பயிற்சியையும் சேர்த்துச் செய்தால் என் கணக்கில் முக்கால்வாசி கிடைத்துவிடும். எதில் சேர்ந்தாலும் சரி, நடிப்புப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அனுபவமுள்ள சமரசர் வருவாரா என்ற இரண்டையும் சேர்க்கைப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.