மோரியேன் கணவாய்களுக்குச் சைக்கிளா, நடையா?

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. ஜூலை, ஆகஸ்டில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களில் சிலர், நாலைந்து நாளை ஆல்ப்ஸுக்கு ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு ஏற்ற இடம் சவுவா பகுதியில் உள்ள மோரியேன் பள்ளத்தாக்கு. ஆர்க் ஆற்றை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. தெற்கே கலிபியே கணவாய்த் தார்ச்சாலை, வடக்கே 1963இல் தொடங்கிய வனுவாஸ் தேசியப் பூங்கா. பிரான்சின் முதல் தேசியப் பூங்கா அதுதான்.

சாலையில் சைக்கிளில் ஏறுவதா, பூங்காவுக்குள் நடந்து கடப்பதா என்று யோசிக்கிறவர்கள், பெரும்பாலும் ஏற்றத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. ஏறுவதற்கான பலத்தைக் கடல் மட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். இறங்கிப் பழகத்தான் நம்ம ஊரில் இடம் இல்லை. எந்த இறக்கத்தை உங்கள் உடம்பும் கையும் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சைக்கிள் வழி சேன் மிஷேலில், 712 மீட்டரில் தொடங்குகிறது. முதலில் தெலகிராஃப் கணவாய் (1,566 மீ): 12 கிலோமீட்டர், சராசரி 7 சதவீதச் சரிவு. பிறகு 5 கிலோமீட்டர் இறங்கினால் வலுவார் ஊர். அங்கிருந்து 18 கிலோமீட்டரில் கலிபியே உச்சி, 2,642 மீட்டர். முதல் 10 கிலோமீட்டர் ஐந்தரை சதவீதம்தான். பிளான் லஷா (1,961 மீ) என்ற இடத்தில் சாலை சட்டென்று வளைந்து, மீதி 8 கிலோமீட்டரும் எட்டரை சதவீதமாகிவிடுகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுரங்கம் உண்டு. கார்கள் அதில் நுழைந்துவிடும், சைக்கிள்கள் மேலே ஏறித்தான் கடக்க வேண்டும். அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் மொத்த வழியிலும் கடுமையானது. 1911இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முதல்முறை கலிபியேவைத் தொட்டபோது இது மண் பாதை.

ஆள் 70 கிலோ, சைக்கிளும் சாமானும் 12 கிலோ என்றால், 7 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 140 வாட் வேண்டும். 9 சதவீதத்தில் அதே வேகத்துக்கு 175 வாட். இதை நாலு மணி நேரம் இழுக்க வேண்டும். மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், ஊரில் கிடைக்கும் வாட் அங்கே கிடைக்காது.

கியர் கணக்கைக் கிளம்புமுன்பே போட்டுவிடுங்கள். இங்கே விற்கும் ரோடு சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 28. அந்தக் கியரில் 8 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் மிதிக்க முடியும். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் முன்பக்கம் வலிக்கத் தொடங்கிவிடும். பின்னால் 34 பல் போட்டால் 63 சுற்று. முன்னால் 30 பல்லும் சேர்ந்தால் 72. இந்த 72தான் சமவெளிக்காரர்களுக்குச் சரி. ஆனால் கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுப்பை) மட்டும் மாற்றினால் போதாது. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டீரெய்லர், குட்டைக் கூண்டு உள்ளதாக இருந்தால் பெரும்பாலும் 30 பல்லுக்கு மேல் ஏற்காது. நீளக் கூண்டும், அதற்கேற்ற நீளச் செயினும் வேண்டும். பழைய செயினையே விட்டுவைத்தால், முன் பெரிய பல்லோடு பின் பெரிய பல் சேரும்போது டீரெய்லர் இழுபட்டு முறியும்.

பயிற்சிக்கு மலை இல்லையே என்று மலைக்க வேண்டாம். பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும்போது, புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கி எதிர்க்காற்றில் கனமான கியரில் மிதிப்பது ஏற்றத்துக்கு நல்ல மாற்று. சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் வீட்டு டிரெய்னரில் நிமிடத்துக்கு 60 சுற்றில் ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு இரண்டு முறை. மாதம் ஒருமுறை கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரையோ, 20 கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காடு சாலையிலோ ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். ஏற்காட்டில் ஏறும் நேரத்தைக் குறித்துக்கொள்வதைவிட, இறங்கும்போது கை எந்த வளைவில் வலிக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்வது பயன்படும்.

கலிபியேவிலிருந்து வலுவாருக்கு 18 கிலோமீட்டரில் 1,240 மீட்டர் இறக்கம். நீங்கள் ஏறிச் சேர்த்த ஆற்றல் முழுவதையும் காற்றும் பிரேக்கும்தான் உறிஞ்ச வேண்டும். பயத்தில் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பெரிய தப்பு. ரிம் பிரேக் என்றால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கும். கார்பன் ரிம்மில் பிசினே இளகிவிடும். டிஸ்க் என்றால் பேட் கண்ணாடிபோல் மினுமினுத்துப் பிடிப்பை இழக்கும். நேர்ப்பகுதியில் விட்டுவிட்டு வந்து, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்துங்கள். கையை ஹேண்டிலின் கீழ் வளைவில் வையுங்கள். அங்கிருந்து லிவரை இழுக்கப் பாதி பலம் போதும். பல இடங்களில் ஓரத்தடுப்பே கிடையாது.

கடலோரச் சைக்கிளுக்கு இன்னொரு ஆபத்து உப்பு. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது ஹேண்டில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து அலுமினியத்தை அரித்திருந்தால், பிரேக் லிவரின் பிடிப்பட்டைக்குக் கீழே வெள்ளைத் தூள் உதிரும்; நகத்தால் சுரண்டினால் சிறு குழிகள் தெரியும். அந்த ஹேண்டிலோடு மலை இறங்கக் கூடாது, மாற்றிவிடுங்கள். பிரேக் கேபிளை அவுட்டரோடு (மேலுறையோடு) சேர்த்துப் புதிதாகப் போடுங்கள்; வெளியே பளபளக்கும் கேபிள், அவுட்டர் முனையில் துருப்பிடித்து இரண்டு மூன்று இழை அறுந்திருக்கும். கூடுதலாக ஒரு ஜோடி பிரேக் கட்டை அல்லது பேட், டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமானப் பெட்டியில் வைக்கும்போது டீரெய்லரைக் கழற்றிச் செயின் ஸ்டேயில் (சட்டத்தின் பின் கீழ்க்குழாயில்) கட்டுங்கள். இடது பெடல் மரை எதிர்த்திசை என்பதை மறந்து முறுக்கிக் கிராங்கைக் கெடுத்தவர்கள் உண்டு.

நடை வழியை ஐந்து நாளாகப் போடுங்கள். ஜிஆர் 55 என்ற நெடும்பாதையின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் வழிகாட்டும். மொதான் ரயில் நிலையத்திலிருந்து (1,057 மீ) ஒர்ஷேர் மலை விடுதிக்கு (1,935 மீ) முதல் நாள். மறுநாள் ஷவியேர் கணவாய், 2,796 மீட்டர். கலிபியேவைவிட உயரம். அதைக் கடந்து 2,474 மீட்டரில் உள்ள பெக்லே-போல்ஸே விடுதியில் தங்கல். மூன்றாம் நாள் பிரலோனியான் ஊருக்கு (1,418 மீ) நீண்ட இறக்கம். நாலாம் நாள் வனுவாஸ் கணவாய் (2,516 மீ), அருகிலேயே விடுதி. உப்பும் பாலாடைக்கட்டியும் சுமந்துபோன பழைய பாதை இது. நடுவில் வாஷ் ஏரியைத் தட்டைக் கற்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் நடந்தே கடக்க வைத்திருக்கிறார்கள். மேகம் இல்லாத காலையில் அந்தக் கல்வரிசை மேல் நடப்பதற்காகவே இந்த வழியைப் பரிந்துரைக்கலாம். ஐந்தாம் நாள் பெல்கோம்ப் வந்து தெர்மினியோன் ஊருக்குக் கீழே இறங்கலாம்.

ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர் உயரம் என்று கணக்கு வையுங்கள். முதுகுப்பை 9 கிலோவைத் தாண்டக் கூடாது. சிக்கல் மூன்றாம் நாள் இறக்கத்தில்தான்: ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அதற்குப் பழகாத கால், மறுநாள் கட்டிலிலிருந்து எழவே மறுக்கும். அன்றுதான் 1,100 மீட்டர் ஏற வேண்டும். மருந்து செஞ்சிக் கோட்டையில் இருக்கிறது. ராஜகிரியில் ஏறி, முதுகில் 6 லிட்டர் தண்ணீரோடு படிகளில் மெதுவாக இறங்குங்கள். இரண்டு மாதம், வாரம் ஒருமுறை, போகப் போக ஒரே நாளில் இரண்டு தடவை. கடலூர்க்காரர்கள் நடுவில் கேப்பர் மலைச் சரிவையும் பயன்படுத்தலாம், ஆனால் அது மட்டும் போதாது. நடைக்கோல் இரண்டு அவசியம்.

பரணில் நாலைந்து வருடம் கிடந்த மலையேற்றக் காலணியை நம்பாதீர்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் அடிப்பாகத்துப் பாலியூரித்தேன் தானாகவே சிதைகிறது. மேலே தோல் புதிதாக இருக்கும். கட்டைவிரலால் குதிகாலுக்கு மேல் அழுத்தினால் ரொட்டித் துண்டுபோல் உதிரும். அது மலையில் பிரியும்போது ஒட்டவைக்க வழி கிடையாது.

ஷவியேரின் வடபக்கத்தில் ஜூலையிலும் பனித்திட்டு கிடக்கலாம். முந்தைய விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விடுதிகளில் இரவு உணவும் காலை உணவும் சேர்த்து முன்பதிவு செய்யலாம். சைவம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். படுக்கையில் விரிக்க உறைத்துணி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

வானிலை இரண்டு பேருக்கும் பொது எதிரி, ஆனால் அடி ஒன்றுபோல் விழாது. 2019 ஜூலை 26 அன்று, பக்கத்தில் உள்ள இஸரான் கணவாயின் இறக்கத்தில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூடியதால், டூர் டி பிரான்ஸ் பந்தயமே நிறுத்தப்பட்டது. அன்று உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் கொண்டார்கள். பிற்பகல் இடி அங்கே வாடிக்கை. ஆகவே எதில் போனாலும் மதியத்துக்குள் கணவாயைக் கடந்துவிட வேண்டும். சைக்கிள்காரர் மேகம் கறுத்தால் திரும்பி, அரை மணியில் வலுவாருக்கு வந்துவிடலாம். நடப்பவர் அதே இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வெட்டவெளியில் இருப்பார். குளிர் மட்டும் சைக்கிள்காரரைத்தான் கடுமையாகத் தாக்கும்: அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் உச்சியில் 17 அல்லது 18, வியர்வையில் நனைந்த சட்டை, 50 கிலோமீட்டர் வேகக் காற்று. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுப்பு மேலாடையும் முழுவிரல் கையுறையும் சட்டைப்பையில் இருக்கட்டும். உச்சியில் நின்றவுடன் அணியுங்கள், படம் எடுப்பது அப்புறம்.

ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்களைக் கண்டால் ஓடாதீர்கள். சைக்கிளை விட்டு இறங்கி, அதை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாகப் போங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசாவோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதில் மலை மீட்புச் செலவு அடங்குகிறதா, உயர வரம்பு ஏதும் உண்டா என்று படித்துப் பாருங்கள். அவசர எண் 112.

வாரத்துக்கு 150 கிலோமீட்டர் ஆறு மாதமாக ஓட்டுகிறவர், மலைச் சாலையில் நாலைந்து முறையாவது இறங்கியவர், கையில் இரண்டு நாள்தான் உள்ளவர்: இவர்களுக்குச் சைக்கிள். மற்ற எல்லாருக்கும், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கும், முழங்கால் நன்றாக இருந்தால் நடைதான் நம் பரிந்துரை. கால் வலித்தால் நின்றுகொள்ளலாம். பிரேக் பழகாத கைக்கு அந்த வசதி இல்லை.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்கள், வலுவாரில் தங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, முதல் நாள் பிளான் லஷா வரை மட்டும் ஏறுங்கள். அங்கிருந்து திரும்பி 10 கிலோமீட்டர் இறங்கி ஊருக்குள் வந்து நிறுத்தியதும், கையை விரித்துப் பாருங்கள். விரல் நடுங்கவில்லை என்றால் மறுநாள் காலை ஏழு மணிக்கு உச்சிக்குக் கிளம்பலாம். நடுங்கினால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொதானுக்குக் கிளம்புங்கள்.