கிக்ஆஃப் பந்தும் ஒரு இஞ்ச் டீயும்: குமரிக் கடலோர மைதானங்களுக்குச் சரிப்படுமா?

அமெரிக்கன் ஃபுட்பால் பந்து, உதைக்கும்முன் பந்தை நிறுத்தி வைக்கும் ரப்பர் டீ, பம்பு மூன்றும் சேர்ந்த செட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. தூத்தூர், சின்னத்துறை மணலில் ஃபுட்பால் உதைத்து வளர்ந்த காலுக்கு, ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை எதிரணி பக்கம் உதைத்தனுப்பும் இந்தக் கிக்ஆஃப் அந்நியமே இல்லை. 1964-ல் அமெரிக்காவின் பஃபலோ பில்ஸ் அணிக்காக பீட் கோகோலாக் நம்மூர் ஃபுட்பால் பாணியில் பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் உதைத்தார். அங்கே இன்று எல்லாக் கிக்கர்களும் உதைப்பது அப்படித்தான்.

பந்து நன்றாகவே இருக்கிறது. முழு சைஸ் பந்து 397 முதல் 425 கிராம் இருக்க வேண்டும்; வாங்கியதும் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். காற்று 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. செட்டில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் வருவதில்லை, தனியாக வாங்கியே ஆக வேண்டும். காற்று குறைந்தால் உதைக்கும் இடத்தில் பந்து அமுங்கி, தூரமும் உயரமும் சேர்ந்தே போய்விடும். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு ரப்பர் கிழியும். கம்போசிட் தோலின் சொரசொரப்பை மணல் சீக்கிரம் தேய்த்துவிடும், அதனால் ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் வையுங்கள்.

குறை டீயில்தான். ஒரு இஞ்ச் உயரம் என்பது அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அனுமதிக்கும் உச்சம், கல்லூரி ஆட்டத்திலும் அதேதான்; அங்கே உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் இரண்டு இஞ்ச் வரை போகலாம். செம்மண் மைதானத்தில் டீ அசையாமல் நிற்கிறது. காய்ந்த கடல் மணலில் ஒருபக்கம் புதைந்து பந்து சாய்கிறது. அப்போது கால் பந்தின் அடியில் நுழைந்து, உதை செங்குத்தாக எழும்பிப் பக்கத்திலேயே விழும். ஒரு அடிச் சதுரப் பிளைவுட் பலகையை மணலில் அழுத்தி, அதன்மேல் டீயை வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இனி முக்கியமான விஷயம். இங்கே பழகுகிறவர்கள் தூரத்தை மட்டும் அளந்து மகிழ்ந்துபோகிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் தன் பக்க 35 கஜக் கோட்டிலிருந்து உதைத்த பந்து 59 மீட்டர் பறந்து, எதிரணி கோல் கோட்டில் 3.5 விநாடியில் இறங்கினால், உதைத்த அணி ஓடிவந்திருப்பது சுமார் 25 மீட்டர். பந்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து ஓடிவருகிறவன் முன்னால் 34 மீட்டர் வெட்டவெளி. அதே பந்து எதிரணியின் 10 கஜக் கோட்டில், 50 மீட்டரில், 4.2 விநாடி கழித்து இறங்கினால், ஓடிவருகிறவர்கள் 30 மீட்டர் கடந்திருப்பார்கள். இடைவெளி 20 மீட்டராகச் சுருங்கும். ஒன்பது மீட்டர் தூரத்தை விட்டுக்கொடுத்து அணிக்கு எவ்வளவு லாபம் பாருங்கள்! நான்கு விநாடி வானத்தில் நிற்க, பந்து சுமார் 20 மீட்டர் எழும்ப வேண்டும், ஓங்கி வளர்ந்த தென்னையின் உயரம். அதற்கு ஊன்றுகால் பந்துக்குச் சற்றே பின்தங்கி நிற்கட்டும், புறங்கால் எலும்பு பந்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் படட்டும். நடுவில் பட்டால் தாழ்வாகப் பாயும்.

நம்மூர்க் காற்றும் தூரக் கணக்கை ஏமாற்றும். பிற்பகல் கடற்காற்றிலும், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றிலும், முதுகுக் காற்றோடு உதைத்தால் எல்லாருமே சூரர்கள். ஹேங் டைம், அதாவது பந்து வானத்தில் நிற்கும் நேரம், அப்படி மாறாது. போனில் விநாடிக்கு 60 ஃபிரேம் வீடியோ எடுத்து, கால் படும் ஃபிரேமிலிருந்து பந்து இறங்கும் ஃபிரேம் வரை எண்ணி 60-ஆல் வகுங்கள்.

என்.எஃப்.எல். மட்டும் இதில் விலக்கு. 2024-ல் வந்த விதிப்படி, பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை உதைத்த அணியில் கிக்கரைத் தவிர யாரும் நகரக் கூடாது. ஹேங் டைமுக்கு அங்கே பழைய மதிப்பு இல்லை. எதிரணியின் கோல் கோட்டுக்கும் 20 கஜக் கோட்டுக்கும் நடுவே இறக்குவதே வித்தை. அதைப் பழக, டீயிலிருந்து 41 மீட்டரிலும் 59 மீட்டரிலும் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

பந்துக்கு ஐந்தில் நான்கு, டீக்கு இரண்டரை. ஏற்கெனவே பம்பு இருப்பவர்கள் செட்டை விட்டுவிட்டு, பந்தையும் அடி அகலமான டீயையும் தனித்தனியாக வாங்கலாம்.