பேட்டரி செத்த மீட்டரைக் கொடுத்து, ஸ்டெபிலைசரையும் விற்றார்கள்

வேலூர் கடைத்தெருவில் ஒரு மின்சாதனக் கடையில், வீட்டு வோல்ட்டை அளக்க, முள் நகர்ந்து அளவு காட்டும் பழைய வகை முள் மீட்டர் கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார். டிஜிட்டல் எண்ணாகவே காட்டிவிடும், தப்பே வராது" என்று 350 ரூபாய்க்கு மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்றைக் கையில் திணித்தார் கடைக்காரர். பேட்டரி உள்ளேயே இருந்தது.

அன்று மாலை காட்பாடி வீட்டில் பிளக்கில் வைத்துப் பார்த்தால் 268 வோல்ட். வரவேண்டியது 230. பதறிப்போய் மறுநாள் கடைக்காரரிடம் சொன்னேன். மீட்டரை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போய்விடும் சார், உடனே ஸ்டெபிலைசர் போடுங்கள்" என்றார். 2,400 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

மின்வாரியத்திலும் புகார் செய்திருந்தேன். லைன்மேன் வந்து தன் மீட்டரை வைத்தார்: 232. என் மீட்டர் அதே பிளக்கில், அதே நிமிடத்தில் 268.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து சித்தப்பா வந்தார். ஓய்வுபெற்ற வயர்மேன். தம் பழைய முள் மீட்டரைப் படுக்கவைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, அளவுகோலில் இருக்கும் கண்ணாடிப் பட்டையில் முள்ளின் பிம்பம் முள்ளுக்குப் பின்னால் மறையும்படி நேராகக் குனிந்து படித்தார். 230-ஐ ஒட்டி நின்றது. பிறகு என் மீட்டரைத் திறந்து, அதன் 9 வோல்ட் பேட்டரியை அளந்தார். முள் 6-ஐக்கூடத் தொடவில்லை. "பேட்டரி இறங்கினால் உள்ளே ஒப்பிடுகிற அளவும் இறங்கிவிடும் தம்பி. அப்போது எல்லாமே கூடுதலாகத்தான் காட்டும்" என்றார். பேட்டரி குறைந்ததற்கான அடையாளம் திரையில் வரவே இல்லை. புது பேட்டரி போட்டதும் 231 காட்டியது.

முள் மீட்டர் வோல்ட் அளக்க பேட்டரியே வேண்டாம். அளக்கும் மின்சாரமே முள்ளைத் தள்ளுகிறது. பேட்டரி தேவைப்படுவது ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்க்கும்போதுதான். அதற்காக முள் மீட்டர் தவறே செய்யாது என்று சொல்ல மாட்டேன். கீழே விழுந்தால் முள் சிக்கிக்கொள்ளும். நுண்ணிய எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் அதுவே மின்சாரத்தை இழுத்து அளவைக் குறைத்துக் காட்டும். நல்ல டிஜிட்டல் மீட்டர் அங்கே மேல்.

என்னை உண்மையில் நடுங்க வைத்தது வேறொன்று. முகப்பில் '1000 வோல்ட்' என்று அச்சிட்ட அந்த மீட்டருக்குள் இருந்தது மெல்லிய கண்ணாடி ஃபியூஸ். பெரிய மின்சாரம் பாய்ந்தாலும் வெடிக்காமல் அறுத்துவிடும், மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடம் அது. மின்னோட்டம் அளக்கும் ஆம்பியர் துளையில் வயரைச் செருகிய நினைவில்லாமல் மூன்று ஃபேஸ் மோட்டார் பெட்டியில் வைத்தால் கையிலேயே வெடிக்கலாம். நம் பக்கத்துக் கிணற்று மோட்டார் ஷெட்டுகளில் இத்தகைய மீட்டர்கள்தான் தொங்குகின்றன.

கடைக்காரர் எதையும் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்களிடமும் அந்த மஞ்சள் மீட்டர் இருந்தால் இன்றைக்கே பின்மூடியைக் கழற்றி பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்கள். பழுதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.