இழுப்பதா, ஓட்டுவதா, தலையில் சுமப்பதா: கொங்கு நாட்டில் கேம்பிங் தொடங்குபவருக்கு எந்த வண்டி?

போன ஆடி மாதம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், குண்டடம் வருவதற்குள், காருக்குப் பின்னால் மாட்டியிருந்த எங்கள் புது கேம்பிங் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. வேகம் 70-ஐத் தொடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரி கடந்த நொடியில், பின்னால் இருந்த பெட்டி இடமும் வலமுமாக ஆடி காரையே இழுத்தது. கால் தானாக பிரேக்குக்குத்தான் போனது. மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். 40-க்கு இறங்கியதும் ஆட்டம் அடங்கியது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தியிருந்தால் பின்வண்டி முன்வண்டியைத் திருப்பிப் போட்டிருக்கும்.

அதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: பேசாமல் வேன் வாங்கியிருக்கலாமே? இல்லையென்றால் கார் கூரையில் கூடாரம் போட்டிருக்கலாமே? நியாயமான கேள்வி. எங்கள் சொந்தத்துக்குள்ளேயே மூன்றும் இருக்கின்றன. எங்களுடையது இரண்டு சக்கர டிரெய்லர். மச்சான் கார் கூரையில் மடக்குக் கூடாரம் வைத்திருக்கிறார். பங்காளி வீட்டு அண்ணன் டெம்போ டிராவலரை வீடாக மாற்றியிருக்கிறார். ஒரு வருடமாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது: உள்ளே என்ன வசதி இருக்கிறது என்பதைவிட, ராத்திரி எங்கே நிறுத்தப் போகிறீர்கள், மற்ற நாளெல்லாம் எங்கே நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. தோட்டமும் சாளையும் (தோட்டத்து வீடு) உள்ள சொந்தக்காரர்கள் இருந்தால், அதுவும் சமவெளியில் இருந்தால், நான் டிரெய்லர் பக்கம்தான். குண்டடத்துக்கு அப்புறமும் அப்படித்தான் சொல்கிறேன்.

முன்பாரம்

டிரெய்லர் ஏன் ஆடியது என்று கண்டுபிடித்தது என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், தடியை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். கொக்கி மாட்டும் முனையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் தூக்கவும் வந்தது. “முன்பாரமே இல்லையே கண்ணு. பின்னால என்னத்தப் போட்டு வெச்சிருக்க?” என்றார்.

வாலிபத்தில் கட்டை வண்டியில் பொதி ஏற்றியவர் அவர். வண்டியில் முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பிக் கயிறு கழுத்தை இறுக்கும், வண்டியும் தடத்தில் நிற்காது. கார் இழுக்கும் டிரெய்லருக்கும் கணக்கு அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் வால் ஆடும். கூடினால் காரின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

களத்தில் தேங்காய்ப் பருப்பு மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. அதன்மேல் மரக்கட்டை வைத்து, கட்டையின் மேல் கொக்கி முனையை இறக்கினோம். 28 கிலோ. எடை மேடையில் போட்டதில் முழு வண்டி 720 கிலோ. நான்கு விழுக்காடுகூட வரவில்லை. செய்து கொடுத்தவர்கள் 60 கிலோ இன்வெர்ட்டர் பேட்டரியைப் பின்பக்கப் பெட்டியில் வைத்திருந்தார்கள், வயர் நீளம் மிச்சமாகும் என்று. ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்த அந்தப் பேட்டரியை, 1.2 மீட்டர் முன்னால் புதுப்பெட்டி அடித்து மாற்றினோம். மறுபடி எடை பார்த்தபோது கொக்கி முனையில் 76 கிலோ. அதற்கு அப்புறம் அதே சாலையில், அதே ஆடிக் காற்றில் 60-ல் போனேன். ஆடவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மற்ற இரண்டு வண்டிக்கும் இந்தத் தொல்லை கிடையாது. வேனில் பாரத்தை எங்கே வைத்தாலும் நான்கு சக்கரம் தாங்கிக்கொள்ளும். கூரைக் கூடாரத்துக்கு ஒரே கணக்குதான்: ஓடும்போது கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கார் கையேட்டில் இருக்கும், கூடாரமும் அதைத் தாங்கும் கம்பியும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். மச்சானுடையது 60 கிலோவுக்கு நெருக்கமாக வரும். டிரெய்லர்காரர்தான் ஒவ்வொரு முறையும் யோசித்து ஏற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பாதி நிரப்பி ஓட்டாதீர்கள், உள்ளே அலையடித்து வண்டியை ஆட்டும். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. காலியாகப் போய், சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்வதே நல்லது.

மலை என்று வந்துவிட்டால்

இங்கே டிரெய்லர் தோற்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. திம்பத்தில் 27. காரும் டிரெய்லருமாகச் சேர்ந்தால் ஒன்பது மீட்டர் நீளம். வளைவில் பின்வண்டி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எதிரே பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுக்க இடமிருக்காது. இறக்கத்தில் 700 கிலோ பின்னால் தள்ளிக்கொண்டே வரும், டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் காரின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். புதிதாக வாங்கியவர் முதல் வருடம் மலைச்சாலையை மறந்துவிடுங்கள். கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கூரைக் கூடாரம் இங்கேதான் ராஜா. கார் எங்கே போகுமோ அங்கே போகும். பாரம் தலையில் இருப்பதால் வளைவில் கொஞ்சம் சாயும், நிதானமாகப் போனால் போதும். வேனும் ஏறிவிடும், ஆனால் நெட்டையான வேனை வளைவில் ஓட்டினால் உள்ளே இருக்கும் குழந்தைகள் வாந்தி எடுக்காமல் வருவது கஷ்டம். எந்த வண்டியானாலும் ஊட்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனைமலை, சத்தியமங்கலம் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ராத்திரி தங்குவது சட்டப்படி குற்றம். தவிர, யானைத் தடத்தில் வண்டியைப் போட்டுப் படுப்பது யானைக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

சமவெளிக்கு இறங்கினால் கதை மாறும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவதென்றால் டிரெய்லருக்கு ஈடு கிடையாது. உடுமலைக்குத் தெற்கே தெரிந்தவர் தென்னந்தோப்பில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காரில் அமராவதி அணை முதலைப் பண்ணைக்கும் திருமூர்த்தி மலைக்கும் போய்வந்தோம். வேன் வைத்திருக்கும் அண்ணனுக்கு அது முடியாது. காலையில் பால் வாங்கவேண்டுமென்றாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். மெத்தையை மடித்து, பாத்திரத்தைக் கட்டி, அடுப்பை அணைத்து, அப்புறம்தான் சாவியைத் திருப்பலாம். தினம் ஓர் ஊர் என்று ஓடுபவருக்கு வேன் நல்லது. உட்கார்ந்து இளைப்பாறப் போகிறவருக்கு அல்ல.

தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு சிக்கல் உண்டு: இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி அகலம். உள்ளே போன டிரெய்லரை ரிவர்ஸில்தான் எடுக்கவேண்டி வரும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். டிரெய்லர் வலப்பக்கம் போகவேண்டுமென்றால் கையை வலப்பக்கம் நகர்த்துங்கள், இடம் என்றால் இடம். இதை அறுவடை முடிந்த காட்டில் நான்கு மாலை பழகினால் கைக்கு வந்துவிடும். டிராக்டர் டிப்பர் ஓட்டியவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் மாமாதான்.

ராத்திரியும் கரண்டும்

நிறுத்திய பிறகு எது எளிது? கூரைக் கூடாரம் பத்து நிமிடத்தில் விரிந்துவிடும். வேனில் வேலையே இல்லை. டிரெய்லருக்கு வரிசை உண்டு, அதை மாற்றக்கூடாது: முதலில் இடவல மட்டம். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அதன் பிறகே கொக்கியைக் கழற்றுவது, கொக்கிப் பக்கம் உள்ள சின்ன முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி முன்பின் மட்டம் பார்ப்பது. நான்கு மூலைக் கால்களைக் கடைசியில் இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. கட்டை வைக்காமல் கொக்கியைக் கழற்றினால் வண்டி தானாக நகரும், பிடிக்கப் போகிற ஆள் அடிபடுவார்.

ஆனால் கூடாரத்தில் ஏணி இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அத்தை ராத்திரி இரண்டு முறை இறங்கி ஏற முடியாது. மழையில் நனைந்த துணியை அப்படியே மடித்தால் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் காயவைத்தே ஆகவேண்டும். வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏசி ஆசையை டிரெய்லர்காரரும் வேன்காரரும் தள்ளிவைக்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்க முடியும், அதாவது சுமார் 900 வாட் அவர். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தின்றுவிடும். கரண்ட் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி விடிய விடிய ஓடினாலும் 300-ஐத் தாண்டாது. கரூர் பரமத்தி வெயிலில் சித்திரை மாதம் இது போதாது என்பது உண்மைதான், ஆகவே அந்த மாதங்களில் போகாதீர்கள்.

ஒன்று முக்கியம். தோட்டத்து மோட்டார் இணைப்பிலிருந்து வயர் இழுக்காதீர்கள். அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கு. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1970களில் கட்டை வண்டிகளோடு கோவையில் இறங்கி நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக, 1990-ல் கிடைத்தது. நம் பொழுதுபோக்குக்கு அதை எடுத்தால் மாட்டுவது தோட்டத்துக்காரர்தான். சாளையில் உள்ள வீட்டு இணைப்பில் கேட்டு வாங்கிக்கொண்டு, யூனிட்டுக்கான பணத்தைக் கையில் கொடுங்கள்.

கழிவறை விஷயம் சுருக்கமாக: சாளையில் கழிவறை இருக்கும். முதல் டிரெய்லரில் அது வேண்டாம். எடையும் சுத்தம் செய்யும் வேலையும் மிச்சம்.

செய்வதும் பதிவதும்

வண்டி கட்ட நமக்கு வெளியூர் போகத் தேவையில்லை. ஆக்சில், சேசிஸ், வெல்டிங் என்றால் நாமக்கல்லும் திருச்செங்கோடும். லாரி பாடியும், போர்வெல் போடும் ரிக் வண்டியும் கட்டிய கைகள். வேனுக்குள் பர்த், இருக்கை, பெட்டி என்றால் கரூர் பஸ் பாடிக்காரர்கள். கொசுவலையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

காகித வேலையில் கூரைக் கூடாரம்தான் எளிது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனையும் டிரெய்லரையும் 2004-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கை போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ரிக்கும் கம்பிரசரும் பொருத்திய வண்டிகளும் அதே பட்டியலில் இருப்பதால் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இது பழகிய வார்த்தை. வேன் மாற்றுவதில்தான் கவனம் தேவை: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுத்தான் அறுப்பதும் ஒட்டுவதும். கார் இன்சூரன்ஸ் டிரெய்லர் இழுப்பதை ஏற்கிறதா என்றும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும், விற்பவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

ஆக, கோவை அபார்ட்மெண்டில் ஒரே கார் பார்க்கிங் உள்ள இளம் தம்பதிக்குக் கூரைக் கூடாரம். மாதம் இரண்டு முறை நெடுந்தூரம் ஓடும், ஓட்டுவதிலேயே மகிழ்கிற ஆளுக்கு வேன். மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் ஒரு கூரை போட்ட இடமும், குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு 750 கிலோவுக்குள் ஒரு டிரெய்லர்.

டிரெய்லர்தான் என்றால் ஆடிக் காற்று அடங்கி, ஐப்பசி கார்த்திகை மழையும் விட்ட பிறகு மார்கழியில் தொடங்குங்கள். முதல் ராத்திரி சொந்த வாசலிலேயே படுத்துப் பாருங்கள், எது மறந்தது என்று தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது, பட்டன் தேயாமல் இருந்தாலும் அதை வாங்காதீர்கள். கிளம்பி 30 கிலோமீட்டரில் நிறுத்தி, புறங்கையை டிரெய்லரின் இரண்டு சக்கரத்தின் நடுக்குடத்துக்கும் (ஹப்) பக்கத்தில் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் இறுக்கம், அல்லது பிரேக் உரசுகிறது. சக்கர நட்டையும் அங்கேயே ஒரு தரம் முடுக்கிவிட்டு, அப்புறம் ஏறுங்கள்.