மீன் படம் காட்டி வித்த கூலிங் கிளாஸ்

மட்டக்களப்பு டவுனில கூலிங் கிளாஸ் வாங்கப் போற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சுப்போட்டுப் போங்க.

மச்சான் கல்லடியில இருந்து கடலுக்குப் போறவர். கண் வெள்ளையில மூக்குப் பக்கமாச் சதை வளரத் தொடங்கிட்டு. வெயிலும் காத்தும் வருசக்கணக்கா அடிக்கிற ஆக்களுக்கு இது வாறதுதான். கறுப்பு முழிக்கு மேல ஏறினா ஒப்பரேசன் செய்ய வேண்டி வரும், யூவி கதிரை மறிக்கிற கண்ணாடி போடுங்க எண்டார் டொக்டர்.

போன கடையில 4,500 ரூபாய்க்கு நல்ல கறுப்பா ஒண்டு எடுத்துத் தந்தாங்க. 'யூவி 400' ஸ்டிக்கரும் இருந்தது. அதாவது 400 நனோமீற்றர் வரையான கழியூதாக் கதிர் உள்ள போகாது எண்டு அர்த்தம். கடைக்காரர் ஒரு அட்டையையும் நீட்டினார். சும்மா பாத்தா வெறும் அட்டை, கண்ணாடியைப் போட்டா மீன் படம் தெரியுது. "பாத்தீங்களா அண்ணன், யூவி புறூப்!"

அந்த அட்டை காட்டுறது கண்ணாடி பொலரைஸ்ட் எண்டதை மட்டும்தான். தண்ணியில பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை அது குறைக்கும். கடல்காரருக்கு நல்ல விசயம்தான். யூவிக்கும் அந்த மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கல்முனையில ஒரு ஒப்டிகல்ஸ்ல யூவி அளக்கிற சின்ன மீற்றர்ல வெச்சுக் காட்டினாங்க. யூவி தாராளமாப் போகுது! கறுப்புக் கண்ணாடிக்குள்ள கண்மணி விரியும், மறிப்பு இல்லாட்டி கதிர் கூடத்தான் உள்ள போகும். இதுக்கு வெறுங்கண்ணோட போயிருக்கலாம்.

திருப்பிக் கொண்டு போனா, "வித்த சாமான் எடுக்கிறதில்ல" எண்டு சுவரைக் காட்டுறாங்க. பில்லில 'கண்ணாடி 1' எண்டு மட்டும்தான் கிடக்கு. பாவனையாளர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சுச் சொல்லியிருக்கு, பாப்பம்.

வாங்குற ஆக்கள் பில்லில 'யூவி 400' எண்டு எழுதி வாங்குங்க. மீற்றர்ல வெச்சுக் காட்டச் சொல்லுங்க, ஒரு நிமிசம்கூட எடுக்காது. கடற்கரை மணலும் நுரையும் கதிரைத் திருப்பி அடிக்கிறதால பக்கவாட்டு மறைச்ச பிறேமாப் பாருங்க. 'கட்டகரி 4' (ஆகக் கறுப்பான வகை) எண்டு இருந்தா அதைப் போட்டு வாகனம் ஓடக் கூடாது.

மச்சானுக்குப் புதுசா எடுத்தது பொலிகாபனேற் எண்ட பிளாஸ்டிக், இளம் பிறவுண். மீற்றர்ல யூவி ஒண்டும் போகல்ல. "இது கறுப்பாவே இல்லையே, காசு வீண்" எண்டு அவர் இன்னும் முணுமுணுக்கிறார்.