க்யூஜிஐஎஸ்ஸுக்குச் சொந்தமாக ஒரு பிளகின் களஞ்சியம்: 2021 முதல் ஓட்டிப் பார்த்ததில்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஒரே எல்லைக் கோடு, ஒரே ஃபைல், இருவரும் திறந்தது க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில். கோவையில் எனக்குப் பரப்பு 240.1 சென்ட் வந்தது. சேலத்தில் அதே ஃபைலைத் திறந்த தம்பிக்கு 240.9. முக்கால் சென்ட்தானே என்று விட்டுவிட முடியாது; அங்கே சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அரை நாள் தேடியதில் குற்றவாளி நான்தான் என்று தெரிந்தது. இருவரும் ஓட்டியது நான் எழுதிய பிளகின் (க்யூஜிஐஎஸ்ஸோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்), ஆனால் வேறு வேறு பதிப்பு. பழையதில் யூடிஎம் (பூமியை நெட்டாங்கு வாரியாகப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் முறை) மண்டலம் 44 என்று நேரடியாகவே எழுதி வைத்திருந்தேன். 78 டிகிரி கிழக்கு நெட்டாங்குதான் 43க்கும் 44க்கும் வரப்பு. சேலம் 44இல் விழும். கோவை, பொள்ளாச்சி, திருநெல்வேலி எல்லாம் 43. பொள்ளாச்சி நிலத்தை 44இல் வைத்து அளந்தால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 0.35 சென்ட் கூடுதலாகக் காட்டும். திருத்திய ஜிப்பை வாட்ஸாப் குழுவில் போட்டுத்தான் இருந்தேன். சேலத்துத் தம்பி 'ஓகேண்ணா' என்று பதிலும் போட்டிருந்தான். இன்ஸ்டால் மட்டும் செய்யவில்லை.

அந்த வாரம்தான் களஞ்சியம் அமைத்தோம். மூன்று ஊர்களில் சின்னச் சின்ன ஆஃபீஸ், கூட நாலைந்து ஃப்ரீலான்ஸ் நண்பர்கள். அப்போது நாங்கள் ஓட்டியது க்யூஜிஐஎஸ் 3.16.

க்யூஜிஐஎஸ் இந்த விஷயத்தில் ரொம்ப எளிமை. தனி சர்வர் மென்பொருளே வேண்டாம். பிளகின் ஜிப்புகளும், அவற்றின் பெயர், பதிப்பு, டவுன்லோட் முகவரி எழுதிய ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலும் ஏதாவது வெப் சர்வரில் இருந்தால் போதும். பிளகின் மேனேஜரின் செட்டிங்ஸில் அந்த எக்ஸ்எம்எல் முகவரியைச் சேர்த்துவிட்டால், அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இருப்பவற்றோடு நம்முடையதும் பட்டியலில் வந்துவிடும். புதுப் பதிப்பு வந்தால் அதுவே சொல்லும். முதலில் ஆஃபீசில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டு வைத்தேன். ஃபீல்டில் இருப்பவர்களுக்கு எட்டவில்லை, கரண்ட் போனால் அதுவும் போனது. ஆறு மாதத்தில் வாடகை சர்வருக்கு மாறினோம். இதுவரை ஒரு மணி நேர வேலை. மீதி எல்லாம் அதற்குப் பிறகு கற்றது.

முதல் அடி, ஜிப்பின் பெயரில். 'பரப்பு-1.2' என்று அழகாக வைத்தேன். இன்ஸ்டால் முடிந்ததும், பிளகின் வந்தது போலிருக்கிறது ஆனால் எங்கே என்று தெரியவில்லை, பேக்கேஜுக்குள் ஃபோல்டர் பெயர் தப்பாக இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு செய்தி. விஷயம் இதுதான்: ஃபைல் பெயரில் முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பதைத்தான் க்யூஜிஐஎஸ் பிளகினின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. என் ஜிப்பில் அது 'பரப்பு-1' ஆகிவிட்டது. உள்ளே ஃபோல்டரோ வெறும் 'பரப்பு'. நடுவில் இருந்த சிறு கோட்டை (ஹைஃபனை) எடுத்துவிட்டு 'பரப்பு.1.2' என்று புள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. (நிஜப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான், ஃபோல்டர் பெயரில் தமிழை வைத்து விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை.)

இரண்டாவது இன்னும் எரிச்சலானது. எக்ஸ்எம்எல்லில் 1.3 என்று ஏற்றிவிட்டு, ஜிப்புக்குள் பிளகினின் பெயர், பதிப்பு எல்லாம் எழுதியிருக்கும் மெட்டாடேட்டா ஃபைலில் 1.2ஐ மாற்ற மறந்தேன். எல்லோருக்கும் 'புதுப் பதிப்பு இருக்கிறது' என்று வருகிறது, அப்டேட் செய்கிறார்கள், மறுபடி அதே அறிவிப்பு. திருநெல்வேலி அக்கா நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, "தம்பி, உங்க பிளகினுக்குப் பேய் பிடிச்சிருக்கு"ன்னு போன் பண்ணாங்க.

மூன்றாவதில் கடையே மூடியது. ஒரு பிளகினின் விளக்கத்தில் 'நிலம் & வரி' என்று கையால் அடித்திருந்தேன். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியைச் சும்மா போடக் கூடாது. அந்த ஒரு எழுத்தால் ஃபைல் முழுக்கப் படிக்க முடியாமல் போய், எங்கள் பிளகின் ஒன்றுகூட யாருக்கும் பட்டியலில் இல்லை.

அன்றோடு எக்ஸ்எம்எல்லைக் கையால் தொடுவதில்லை. ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து உள்ளே இருக்கும் மெட்டாடேட்டாவிலிருந்தே பட்டியலை எழுதுகிறது. பதிப்பு எண் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, மறக்கவும் வழியில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் என்னைப் போல எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். க்யூஜிஐஎஸ்-பிளகின்-சிஐ என்று தயாராகவே ஒரு கருவி இருக்கிறது, ஜிப்பையும் எக்ஸ்எம்எல்லையும் சேர்த்தே கட்டித் தரும்.

யார் ஏற்றலாம் என்பதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சர்வர் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். க்யூஜிஐஎஸ் பிளகின் என்பது வேலி எதுவும் இல்லாமல் ஓடும் பைத்தான் கோடு. உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் எதையெல்லாம் அழிக்கலாமோ அதையெல்லாம் அதுவும் அழிக்கலாம். ஒருநாள் நண்பர் ஒருவர் ஏற்றிய ஜிப்பைத் திறந்து பார்த்தால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே கோடுக்குள் கிடக்கிறது. இப்போது எல்லாம் கிட் (கோடில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கருவி) வழியாகத்தான், இன்னொருவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குய்யா இதெல்லாம்" என்று அவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மாற்றவில்லை.

களஞ்சியத்துக்கே பூட்டு போடவும் முயன்றோம். யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்கும் முகவரியையும் பிளகின் மேனேஜர் ஏற்கும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தப் பாஸ்வேர்டைக் காக்க அது தனியாக ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கிறது, அதை வாரம் ஒருவர் மறக்கிறார். மூன்று மாதத்தில் கைவிட்டோம். ரகசியம் எதுவும் கோடில் இருக்கக் கூடாது என்று விதி வைத்துவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்தே விட்டோம்.

அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே போட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். சென்ட் கணக்கும் சர்வே எண் வரிசையும் உலகத்துக்கு எதற்கு? தவிர, அங்கே புதிய பிளகினை ஆட்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். காலையில் பிழை கண்டுபிடித்து மதியம் திருத்திக் கொடுக்கும் எங்கள் அவசரத்துக்குச் சொந்த இடம்தான் வசதி. பொதுவாகப் பயன்படும் ஒன்றை மட்டும் அங்கே அனுப்பினோம்.

இப்போது 11 பிளகின்கள் இருக்கின்றன. அடுத்த தலைவலி க்யூடி6, அதாவது க்யூஜிஐஎஸ்ஸின் ஜன்னல், பொத்தான்களுக்கு அடித்தளமான க்யூடி நூலகத்தின் புதுப் பதிப்பு. பழைய க்யூடியைப் பைத்தானிலிருந்து அழைக்கும் பைக்யூடி5 என்று நேரடியாக இம்போர்ட் செய்ததையெல்லாம் க்யூஜிஐஎஸ் தரும் பொது வழிக்கு மாற்ற வேண்டும், இனம் இனமாகப் பெயர் மாறிய மாறிலிகளைத் தேட வேண்டும். எந்த க்யூஜிஐஎஸ் பதிப்பு வரை ஓடும் என்று மெட்டாடேட்டாவில் எழுதாமல் விட்டால் 3.99 என்றே எடுத்துக்கொள்ளும் என்பதால், மாற்றாதவை க்யூஜிஐஎஸ் 4இல் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதுவும் நல்லதுதான். நாலு முடித்திருக்கிறேன். பரப்பு பிளகினை முதலில் எடுத்தேன். மண்டலத்தை இப்போது நிலத்தின் நெட்டாங்கைப் பார்த்து அதுவே தேர்ந்துகொள்கிறது, எந்த மண்டலம் என்று பதிலோடு சேர்த்துக் காட்டவும் செய்கிறது.