ஸ்காபரோவில் ஆங்கிலம் கதைக்கப் பழக: லிங்க் வகுப்பும் நூலக வட்டமும்

ஊரிலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்திறங்கும் பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இங்கிலீஷ் கதைக்க எந்த வகுப்புக்குப் போறது?" நான் இரண்டுக்குப் போயிருக்கிறேன். ஒன்று கனடா அரசாங்கத்தின் லிங்க் (LINC) வகுப்பு, மற்றது வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் நடக்கும் உரையாடல் வட்டம். இரண்டும் இலவசம். ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொன்னால்தான் நான் போடும் புள்ளியின் பெறுமதி விளங்கும். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஏ.எல். (உயர்தரம்) வரை தமிழில் படித்தவள். ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பேன், படிவம் நிரப்புவேன், வாய் திறந்தால் மட்டும் ஒன்றும் வராது. என் கணவர் எனக்கு முன்பே கனடா வந்தவர் என்பதால் ரெலிபோன் கதை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். ஸ்காபரோவில் அது ஒரு குறையாகவும் தெரியாது. டொக்டர் தமிழ், வக்கீல் தமிழ், கார் பழக்குபவர் தமிழ், வரிக்கணக்குப் பார்ப்பவர் தமிழ். மகனின் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால்தான் கை நடுங்கும்.

லிங்க் என்பது மத்திய அரசின் காசில் 1992 முதல் நடக்கும் திட்டம். நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் போகலாம். முதலில் ஒரு நிலையத்தில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கையும் தனித்தனியே சோதித்து மட்டம் போடுவார்கள். சீ.எல்.பீ. என்கிற அந்த அளவுகோலில் மொத்தம் 12 மட்டங்கள். எனக்கு வாசிப்பு 5, பேச்சு 3. ஊரில் புத்தகம் பார்த்து ஆங்கிலம் படித்தவர்களுக்கு இப்படிக் கோணலாகத்தான் வரும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பேச்சை வைத்தே என்னை வகுப்பில் போட்டார்கள். வாசிப்புப் பாடம் நடக்கும்போது எனக்குக் கொட்டாவி வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து ரெலிபோன் பாடம். ஆசிரியை எங்களை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சேர்த்து இருத்திவிட்டார். முகம் தெரியாது, கை ஆட்டியும் பயனில்லை, குரல் மட்டும்தான். அப்படி இருந்துகொண்டு டொக்டரிடம் நேரம் மாற்றக் கேட்க வேண்டும், வேலைக்கு வர ஏலாது என்று சொல்ல வேண்டும், விளங்காவிட்டால் மரியாதையாகத் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். அதைவிடப் பெரியது பெயர் சொல்வது. எங்கள் பெயர்கள் எவ்வளவு நீளம்! போதாக்குறைக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பி ஃபோர் பீட்டர், வி ஃபோர் விக்டர் என்று ஒவ்வொரு எழுத்தாக, மூச்சு விட்டு, மூன்று மூன்றாகப் பிரித்துச் சொல்லப் பழக்கினார். மருந்துக் கடைக்கு நானே போன் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

சரி, குறைக்கு வருவோம். நான் போன இடத்தில் கோப்புப் பைத்தியம் அதிகம். செய்த பயிற்சிகளையெல்லாம் துளையிட்டு, தேதி போட்டு, பிரித்து அடுக்க வேண்டும். வாடகை வீட்டு உரிமையாளருக்குக் கடிதம், பஸ் அட்டவணை, வேலை விண்ணப்பம் என்று கோப்பு தடித்துக்கொண்டே போனது. வாய் திறந்து கதைக்கும் நேரம் அதே அளவுக்குச் சுருங்கியது. தமிழர் நாலு பேர் ஒரே மேசையில் இருந்ததால் இடைவேளையில் தமிழ்தான், பாடத்துக்குள்ளும் பாதி தமிழ்தான். இன்னொன்று, 18 முதல் 54 வயதுக்காரர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பேச்சிலும் கேட்டலிலும் மட்டம் 4 போதும். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் வகுப்பை விட்டுவிடுகிறார்கள். மட்டம் 4 என்பது கடையில் சாமான் மாற்றக் காணும். பிள்ளையின் ஆசிரியையோடு வாதாடக் காணாது.

அப்புறம் நூலக வட்டம். ஒரு மேசை, தொண்டராக வந்த ஒருவர், வாரத்துக்கு ஒரு தலைப்பு. பனி வழிப்பது, உணவகத்தில் பரிமாறுபவருக்கு ரிப் காசு வைப்பது, மேல்வீட்டுச் சத்தம் என்று எல்லாம் அன்றாடக் கதைதான். என் வட்டத்தில் ஈரான்காரி ஒருத்தி, சீனத் தாத்தா ஒருவர், தமிழச்சி நான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆங்கிலத்தை விட்டால் வேறு வழியில்லை. இதுதான் அதன் முழுப் பலம். தொண்டர்கள் வகுப்பு ஆசிரியை போல நிறுத்தி நிறுத்திக் கதைக்க மாட்டார்கள். 'வட் ஆர் யூ கோயிங் ரு டூ' என்று புத்தகத்தில் படித்தது, அவர்கள் வாயில் 'வாச்ச கன டூ' என்று ஒரே விழுங்கலாக வரும். அதைக் காது பிடித்த பிறகுதான் பஸ்ஸில் பின்னால் இருப்பவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கத் தொடங்கியது.

ஊரில் ஆளைக் கண்டால் "எங்க போட்டு வாறியள்?" என்று கேட்போம். லிஃப்டில் அயலவரிடம் அப்படிக் கேட்டால் முகம் சுருங்கும். காலநிலை, நாய்க்குட்டி, நீண்ட வார இறுதி விடுமுறை என்று எதிலிருந்து தொடங்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை அந்த மேசையில்தான் பழகினேன்.

ஆனால் மட்டம் 3 இல்லாமல் அங்கே போக வேண்டாம், தலை சுற்றும். பிழை திருத்துவதும் குறைவு. வாய் ஓயாத ஒருவர் வந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிப் பொம்மைகள். குழந்தையைப் பார்க்க ஆளில்லை. லிங்க் நடக்கும் சில இடங்களில் அந்த வசதி உண்டு, கைக்குழந்தைக்காரிகள் முதலில் அதைக் கேளுங்கள்.

லிங்க் வகுப்புக்கு ஐந்தில் மூன்று, நூலக வட்டத்துக்கு நாலரை. முதலில் வகுப்பு, பேச்சு மட்டம் 3 வந்ததும் இரண்டும் சேர்த்து. வகுப்புத் தேடும்போது தமிழர் குறைந்த நேரத்தைக் கேட்டு எடுங்கள், மாலை வகுப்பும் இணைய வகுப்பும் உண்டு. சத்தியப்பிரமாணம் எடுத்துக் குடியுரிமை கிடைத்துவிட்டால் லிங்கில் சேர்க்க மாட்டார்கள், ஆகவே பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்கனவே குடியுரிமை எடுத்தவர்கள் ஒன்ராறியோ மாகாணக் காசில் நடக்கும் ஈ.எஸ்.எல். வகுப்பை விசாரியுங்கள்.